மேடையேறிய கப்பல்

நுழையும்முன்

முடிவு எல்லாருக்கும் தெரிந்த கதையை நாடகமாக்குவது எளிதன்று. கப்பல் மூழ்கிவிடும் என்பதை அறிந்தே அரங்கிற்கு வருபவர்களை இரண்டரை மணி நேரம் இருக்கையில் அமர வைக்க வேண்டும். பாரதக் கூத்தில் அபிமன்யு மாள்வான் என்பது ஊருக்கே தெரியும். ஆயினும் விடியும்வரை மக்கள் காத்திருப்பர். 'என்ன நடக்கும்' என்பதைவிட 'எப்படி நடந்தது', 'யாருக்கு நடந்தது' என்பவையே அங்கு வினாக்கள். டைட்டானிக் கப்பலின் கதையை இசைநாடகமாக்கிய கலைஞர்களும் இவ்வினாக்களையே கையில் எடுத்தனர்.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் துறைமுகத்திலிருந்து டைட்டானிக் புறப்பட்டது. பெல்ஃபாஸ்ட் நகரில் ஹார்லண்டு அண்டு வுல்ஃப் நிறுவனத்தார் கட்டிய கப்பல் அது. நீளம் 882 அடி. கொள்ளளவு 46,000 டன்னுக்கும் மேல். 29 கொதிகலன்கள் அதில் இருந்தன. பிரான்சின் செர்பூர்க் துறையிலும் அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் துறையிலும் பயணிகளை ஏற்றிக்கொண்டு நியூயார்க் நோக்கிச் சென்ற அக்கப்பல், ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 11.40 மணிக்கு வட அட்லாண்டிக் கடலில் பனிப்பாறையொன்றில் உரசியது. பின்னிரவு 2.20 மணிக்கு முழுவதும் நீருள் மறைந்தது. இடைப்பட்ட நேரம் இரண்டு மணி நாற்பது நிமிடம். ஒரு நாடகம் நடக்கும் நேரம் ஏறத்தாழ அவ்வளவுதான் என்பது தற்செயலான பொருத்தமே. எனினும் அரங்கக் கலைஞரை அது ஈர்க்காமல் இராது.

ஒரே கப்பல், மூன்று உலகங்கள்

அக்கப்பலில் பயணிகள் மூன்று வகுப்பினராகப் பிரிக்கப்பட்டிருந்தனர். மேல்தளங்களில் முதல் வகுப்பு. அமெரிக்கப் பெருமாட்டி ஒருவர் தம் அறைத்தொகுதிக்கு 512 பவுண்டு செலுத்தியிருந்தார். கீழே மூன்றாம் வகுப்பில் பயணம் செய்தோரிற் பலர் செலுத்திய கட்டணம் 7 அல்லது 8 பவுண்டு. அயர்லாந்து, சுவீடன், சிரியா முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்காவில் குடியேறச் சென்றவர்கள் அவர்கள். இவ்விரு சாராருக்கும் இடையில் இரண்டாம் வகுப்பு: ஆசிரியர், சமயப் பணியாளர், சிறு வணிகர் முதலியோர் அடங்கிய நடுத்தர உலகம். இம்மூவருக்கும் அடியில், பயணச்சீட்டே இல்லாத நான்காம் உலகம் ஒன்றும் இருந்தது. கொதிகலன்களின் முன்னே வெற்று மார்புடன் கரி அள்ளிப்போட்ட தொழிலாளர்களின் உலகம் அது.

குடியேறச் செல்வோரை நலவாழ்வுச் சோதனைக்காகப் பிற பயணிகளிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். எனவே மூன்றாம் வகுப்பாரின் பகுதிகள் தடுப்புகளாலும் கதவுகளாலும் தனிமைப்படுத்தப்பட்டிருந்தன. உயிர்காப்புப் படகுகளோ உச்சித் தளத்தில், முதல் இரு வகுப்பாரும் உலவும் இடத்தை ஒட்டி இருந்தன. கப்பலின் முன்கோடியிலும் பின்கோடியிலும் அறை பெற்றிருந்த ஏழைப் பயணி அவ்விடத்தை அடைய, முன்பின் அறியாத நடைவழிகளையும் படிக்கட்டுகளையும் கடக்க வேண்டியிருந்தது.

படகுகள் 20, அவற்றில் ஏறக்கூடியவர்கள் 1,178 பேர். கப்பலில் இருந்தவர்கள் 2,200 பேருக்கும் மேல். இது சட்டமீறலன்று என்பதுதான் வியப்பு. 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு 16 படகுகள் போதும் என்று பிரித்தானிய விதி வகுத்திருந்தது. கப்பல்கள் வளர்ந்தன, விதி வளரவில்லை.

விபத்தை ஆராய்ந்த பிரித்தானிய விசாரணை மன்றம் 1912 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையின் எண்கள் இன்றும் சிந்திக்கத்தக்கவை. முதல் வகுப்பில் 325 பேரில் 203 பேர் பிழைத்தனர். இரண்டாம் வகுப்பில் 285 பேரில் 118 பேர். மூன்றாம் வகுப்பில் 706 பேரில் 178 பேர் மட்டுமே. பணியாளர் 885 பேரில் 212 பேர். முதல் வகுப்புப் பெண்கள் 144 பேரில் மாண்டவர் நால்வர். மூன்றாம் வகுப்புப் பெண்கள் 165 பேரில் மாண்டவர் 89 பேர். 'பெண்களும் குழந்தைகளும் முதலில்' என்ற கடல்நெறி அன்று பின்பற்றப்பட்டது உண்மை. ஆனால் எந்தப் பெண்கள், எவர் குழந்தைகள் என்று கேட்டால் விடை மாறுகிறது. மூன்றாம் வகுப்பில் இருந்த 79 குழந்தைகளில் 52 பேர் கரை சேரவில்லை.

இவ்வெண்களுள் எதிர்பாராத ஒன்றும் உண்டு. ஆண்களுள் மிகுதியாக அழிந்தவர்கள் மூன்றாம் வகுப்பினர் அல்லர், இரண்டாம் வகுப்பினரே. 168 பேரில் 14 பேரே பிழைத்தனர். செல்வத்தின் செல்வாக்கும் அவர்களுக்கில்லை. முட்டிமோதி முன்னேறும் வழக்கமும் இல்லை. ஒதுங்கி நில் என்றபோது ஒதுங்கி நின்றனர் போலும். வர்க்கம் என்பது பணத்தை மட்டும் பொறுத்ததன்று, பழகிய பணிவையும் பொறுத்தது என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாம்.

மூன்றாம் வகுப்பாருக்கு எதிராகப் பாகுபாடு காட்டப்படவில்லை என்றே அந்த மன்றம் முடிவு கூறியது. கப்பலை விட்டு இறங்க அவர்கள் தயங்கியதும், உடைமைகளைப் பிரிய மனமில்லாதிருந்ததும், தங்கள் பகுதியிலிருந்து மேலேறி வருவதில் இருந்த இடர்ப்பாடும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இம்முடிவை எட்டும் முன் அம்மன்றம் மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரையும் சாட்சியாக அழைக்கவில்லை. அமெரிக்க மேலவையின் விசாரணையில் மூவர் மட்டும் பேசினர். ஏட்டில் இடம்பெறாத இக்குரல்களுக்கு மேடையில் இடமளிப்பதே பின்னாளில் இசைநாடகத்தின் வேலையாயிற்று.

நாயகனில்லா நாடகம்

1985ஆம் ஆண்டு செப்டம்பரில் கடலடியில் கப்பலின் சிதைவுகள் கண்டறியப்பட்டன. அச்செய்தி அமெரிக்க இசையமைப்பாளர் மோரி யெஸ்டனின் கற்பனையைத் தூண்டியது. யேல் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர் அவர். பிராட்வே அரங்கிலும் முன்னரே வெற்றி கண்டவர். நாடகப் பகுதியை எழுதியவர் பீட்டர் ஸ்டோன். அமெரிக்க விடுதலைப் பிரகடனம் உருவான கதையை '1776' என்னும் இசைநாடகமாக முன்பு எழுதியவர் அவரே. பிரகடனம் கையெழுத்தாகிவிட்டது என்று தெரிந்தும், ஆகுமோ ஆகாதோ என்று அவையோரை அதில் ஏங்க வைத்திருந்தார். முடிவு தெரிந்த கதையைக் கையாளும் பயிற்சி அவருக்கு இருந்தது.

'டைட்டானிக்' இசைநாடகம் 1997 ஏப்ரல் 23ஆம் நாள் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறியது. அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த புகழ்பெற்ற திரைப்படத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. திரைப்படம் ஓர் ஏழை இளைஞனும் செல்வச் சீமாட்டியும் கொண்ட காதலை நடுவில் நிறுத்தி, கப்பலை அதற்குப் பின்புலமாக்கியது. இசைநாடகத்திலோ நாயகனும் இல்லை, நாயகியும் இல்லை. தலைவன், கப்பலை வடிவமைத்த ஆண்ட்ரூஸ், நிறுவன உரிமையாளர் இஸ்மே, கரித்தொழிலாளி, தந்தியாளர், முதிய இணையர், அயர்லாந்து மகளிர் எனப் பலர் தோன்றித் தத்தம் பாடலைப் பாடி மறைகின்றனர். எல்லாரையும் விஞ்சி நிற்பது சேர்ந்திசை. ஒரு மனிதரின் காதலைத் தனிப்பாடல் சொல்லும். ஒரு காலத்தின் நம்பிக்கையைச் சொல்லப் பலர் சேர்ந்தே பாட வேண்டும். யெஸ்டனின் இசை இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஆங்கிலேய இசையின் கம்பீரத்தை நினைவூட்டுவது. அதன் பெருமிதமே பின்னர் வரும் துயரத்திற்கு அடித்தளமாகிறது.

தொடக்கக் காட்சியைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். பயணிகள் கப்பலில் ஏறும் காட்சி அது. முதலில் கரித்தொழிலாளரும் பணியாளரும் கப்பலை அண்ணாந்து பார்த்து வியக்கின்றனர். பின்னர் மூன்றாம் வகுப்பார் மூட்டை முடிச்சுகளுடன் விரைகின்றனர். இரண்டாம் வகுப்பார் தொடர்கின்றனர். இறுதியாக முதல் வகுப்பார் வருகின்றனர். அவர்கள் யார் யார் என்று அவையோருக்கு அறிமுகம் செய்பவள் ஆலிஸ் பீன் என்னும் இரண்டாம் வகுப்புப் பயணி. இரும்புச் சாமான் கடைக்காரரின் மனைவியான அவளுக்குச் செல்வர்களின் பெயரும் சொத்தும் குடும்பச் செய்தியும் மனப்பாடம். அவர்களோடு ஒரு முறையேனும் ஆடிக் களிக்க வேண்டும் என்பது அவள் கனவு. இங்கே செல்வர்களை நாம் நேரே காண்பதில்லை. ஏங்கி நிற்கும் ஒருத்தியின் கண்வழியாகவே காண்கிறோம். வர்க்க வேறுபாட்டைச் சொற்பொழிவாக்காமல் காட்சியாக்கிய நுட்பம் இது.

மூன்றாம் வகுப்பில் கேட் என்னும் ஒரே பெயர் கொண்ட அயர்லாந்து மங்கையர் மூவர். அமெரிக்காவில் என்ன ஆக விரும்புகிறோம் என்பதை அவர்கள் பாடத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொள்கின்றனர். பெருமாட்டி ஒருத்திக்குப் பணிப்பெண்ணாக வேண்டும், தையற்காரியாக வேண்டும், காவலராக வேண்டும் என்பவையே அவர்களின் ஆசைகள். எவரும் அரண்மனை கேட்கவில்லை. கனவு இவ்வளவு சிறியதாக இருப்பதே அவையோரின் நெஞ்சை அறுக்கிறது. இப்பாடலை நகைச்சுவையாக நடித்துவிடும் குழுக்கள் அதன் வலியை இழந்துவிடுகின்றன.

கரித்தொழிலாளி பாரெட்டின் பாடல் வேறு வகையானது. சுரங்கத்து இருளிலிருந்து தப்பிக் கடலுக்கு வந்தவன், கப்பலின் அடிவயிற்றிலும் அதே இருளையும் கரியையும் காண்கிறான். கப்பல் அளவுக்கு மீறிய விரைவில் செலுத்தப்படுகிறது என்பதை முதலில் உணர்பவனும் அவனே. ஆனால் அவனுடைய அறிவுரையைக் கேட்பார் எவருமில்லை. பின்னர் அவன் தந்தி அறைக்கு ஏறி வந்து, ஊரிலுள்ள தன் காதலிக்கு மணவிருப்பம் தெரிவித்துச் செய்தி அனுப்புகிறான். அச்செய்தியை அனுப்புபவன் தனிமையில் வாடும் இளம் தந்தியாளன் பிரைடு. கப்பலில் வர்க்கத் தடுப்பு இன்றி இரு மனிதர் பேசிக்கொள்ளும் அரிய இடம் அந்தச் சிற்றறை.

சாயும் மேடை

882 அடிக் கப்பலை ஓர் அரங்கிற்குள் எப்படிக் கொண்டுவருவது? முதல் தயாரிப்பின் அரங்க வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் லேங், ஒன்றன்மேல் ஒன்றாகத் தளங்கள் அமைந்த மேடையை உருவாக்கினார். மேலே செல்வர், கீழே ஏழையர் என்ற சமூகப் படிநிலை, உரையாடலின் துணையின்றிக் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாம் பகுதியில் கப்பல் மூழ்கத் தொடங்கும்போது மேடையே சாய்ந்தது. ஏறத்தாழ ஒரு கோடி டாலர் செலவில் உருவான தயாரிப்பு அது. ஆனால் முன்னோட்டக் காட்சிகளில் எந்திரங்கள் அடிக்கடி பழுதுபட்டன. மூழ்கவே மூழ்காது என்று புகழப்பட்ட கப்பல் கடலில் மூழ்கியது. மூழ்க வேண்டிய கப்பலோ மேடையில் மூழ்க மறுக்கிறது என்று நகரெங்கும் எள்ளல் எழுந்தது. குறைகள் களையப்பட்டபின் நாடகம் நிலைபெற்றது. அவ்வாண்டின் சிறந்த இசைநாடகம் உட்பட ஐந்து டோனி விருதுகளைப் பெற்று, 1999 மார்ச் வரை 804 முறை நிகழ்த்தப்பட்டது.

இவ்வளவு பொருட்செலவும் இன்றியமையாததா என்ற வினாவுக்கு 2013இல் இலண்டனில் விடை கிடைத்தது. சதர்க் பிளேஹவுஸ் என்னும் சிறிய அரங்கில், தாம் சதர்லண்டு என்னும் இயக்குநர் இருபது நடிகர்களைக் கொண்டே அந்நாடகத்தை நிகழ்த்தினார். ஒருவரே பல வேடம் ஏற்றனர். சற்றுமுன் மூன்றாம் வகுப்பில் மூட்டை சுமந்த நடிகர், மேலங்கி மாற்றிக்கொண்டு முதல் வகுப்பு உணவு மேசையில் அமர்ந்தார். சிக்கனத்திற்காகச் செய்த இவ்வேற்பாடு நாடகத்தின் பொருளையே ஆழப்படுத்திவிட்டது. ஒரே முகம், ஒரே குரல்; மாறியது உடை மட்டுமே. முதல் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் பிரிப்பது எது என்பதை நீண்ட வசனத்தால் இத்துணைத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. சாயும் மேடை பெற்றுத் தந்த வியப்பைவிட இது மேலானது என்றே கருதத் தோன்றுகிறது.

பள்ளி, கல்லூரி மேடைகளிலும் இந்நாடகம் பல நாடுகளில் நடிக்கப்படுகிறது. அங்கே மேடை சாய்வதில்லை. நடிகர் அனைவரும் ஒரே கணத்தில் ஒரு பக்கமாக உடலைச் சாய்த்தால் போதும். அவையோரின் கண்ணில் தரை சாய்ந்துவிடும். எவரும் தொடாமல் தேநீர் வண்டி ஒன்று தானே உருண்டு சென்றால், அலறலை விட மிகுதியான அச்சம் பிறக்கும். ஆனால் உடலைச் சாய்ப்பதில் ஒருவர் அரை நொடி பிந்தினாலும் மாயம் கலைந்துவிடும். ஆகவே இத்தகைய நாடகத்திற்கு ஒத்திகையில் பெரும்பொழுது செலவாவது பாடலுக்கன்று, அசைவுக்கே.

முதல் பகுதி நிலவில்லாத இரவில், பனிப்பாறையோடு முடிகிறது. இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில், உறக்கத்தில் எழுப்பப்பட்ட முதல் வகுப்பார் இரவு உடையோடு பெருங்கூடத்தில் நின்று முணுமுணுக்கின்றனர். அவர்களுக்கு ஏவலர் வந்து பணிந்து சொல்கின்றனர். மூன்றாம் வகுப்பாரோ வழி தேடித் தாமே அலைகின்றனர். பின்னர்த் தந்தி அறையில் தலைவனும் வடிவமைத்தவரும் உரிமையாளரும் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்திப் பாடுகின்றனர். விரைவைக் கூட்டியவர் யார்? படகைக் குறைத்தவர் யார்? எச்சரிக்கையைப் புறக்கணித்தவர் யார்? கரித்தொழிலாளியின் பெயர் அவ்விவாதத்தில் வருவதேயில்லை. இஸ்மேயை நாடகம் சற்றுக் கடுமையாகவே நடத்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தலைவனை அவர் இடைவிடாது நெருக்குவதாக அதில் வரும் காட்சிகள் ஆவணங்களை விடக் கற்பனைக்கே அண்மையானவை.

பெரும்பாலோர் மனத்தில் நிற்பது முதிய இணையரின் பாடல். இசிடோர் ஸ்ட்ராஸ் நியூயார்க்கின் புகழ்பெற்ற பல்பொருள் அங்காடியின் உரிமையாளர். அவர் மனைவி ஐடா, கணவரைப் பிரிந்து படகில் ஏற மறுத்துவிட்டார். இது மெய்யாக நடந்தது. அதனோடு நடந்த இன்னொன்றும் நினைக்கத்தக்கது. ஐடா தம் மென்மயிர் மேலங்கியைப் பணிப்பெண் எலன் பேர்டுக்குக் கொடுத்துப் படகில் ஏற்றினார், அப்பெண் பிழைத்தார். மூன்றாம் வகுப்பாரின் பாடலில் கனவாக வந்த பணிப்பெண் வேலையில் இருந்த ஒருவர், தலைவியின் அங்கியோடு கரை சேர்ந்தார்.

இறுதிவரை வாசித்த எட்டு இசைக்கலைஞர்களையும் உலகம் போற்றுகிறது. அவர்கள் கப்பல் நிறுவனத்தின் ஊழியர் அல்லர். முகவரகம் ஒன்றால் அமர்த்தப்பட்டு, இரண்டாம் வகுப்புப் பயணச்சீட்டில் வந்தவர்கள். எண்மரும் மாண்டனர். சில நாள்களுக்குள், அவர்களுள் ஓர் இளைஞரின் தந்தைக்குச் சீருடைக் கணக்கில் நிலுவையிருந்த சில ஷில்லிங்குகளைச் செலுத்துமாறு முகவரகத்திலிருந்து மடல் வந்தது. நாடகத்தில் இம்மடல் இல்லை, இருந்திருக்கலாம்.

பதின்மூன்றாம் படகு

வரலாற்றை மேடைக்கு ஏற்ப மாற்றுவது நாடக ஆசிரியரின் உரிமை. ஆலிஸ் பீனின் கணவர் நாடகத்தில் இறக்கிறார். பீன் என்னும் பெயர் கொண்ட மெய்யான இணையர் இருவரும் பிழைத்தனர். பாரெட்டும் நாடகத்தில் பிறருக்கு இடம் விட்டு மாள்கிறான். மெய்யான பிரெடரிக் பாரெட், கொதிகலன் அறைக்குள் கடல்நீர் பாய்ந்ததை நேரில் கண்டு, உயிர் தப்பி, விசாரணையில் சாட்சி சொன்னவர். அவர் தப்பியது 13ஆம் எண் படகில். அதை வழிநடத்திச் சென்ற பொறுப்பும் அவருடையதாயிற்று.

அதே படகில் ரூத் பெக்கர் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமி இருந்தாள். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் பிறந்தவள். அவள் தந்தை அங்குச் சமயப் பணி செய்துவந்தார். நோயுற்ற தம்பியின் மருத்துவத்திற்காகத் தாயோடும் தங்கையோடும் இரண்டாம் வகுப்பில் அமெரிக்கா சென்றுகொண்டிருந்தாள். கப்பலை விட்டு இறங்கும் முன் போர்வைகளை எடுத்து வருமாறு தாய் அவளை அறைக்கு அனுப்பினார். அவள் திரும்பி வந்தபோது, ஒரு படகு நிறைந்து தாயும் உடன்பிறந்தாரும் அதில் போய்விட, அவள் மட்டும் போர்வைகளோடு அடுத்த படகில் ஏற நேர்ந்தது. அப்படகில் கொதிகலன் அறையிலிருந்து ஏறிவந்த தொழிலாளர் சிலர், கையில்லாச் சட்டையோடு உறைபனியில் நடுங்கிக்கொண்டிருந்தனர். ரூத்தின் போர்வைகள் கிழிக்கப்பட்டு அவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. கைக்குழந்தையைப் பிரிந்து அழுத மூன்றாம் வகுப்புத் தாய் ஒருவரையும் அவள் தேற்றினாள். விடியலில் கார்பேதியா கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. தாய்க்குக் குழந்தையும், ரூத்துக்குத் தாயும் அங்கே கிடைத்தனர்.